பிள்ளைத்தமிழும் பிள்ளை வளர்ப்பும்

இல்வாழ்வார் பெறும் பேறுகளுள் மக்கட்பேறு தலையாயது என்பது நம் முன்னோர் துணிபு. திருவள்ளுவரும் அதற்கென ஓரதிகாரம் வகுத்தார். ஆயினும் அப்பேற்றோடு உறக்கமிழந்த இரவுகளும், காரணந் தெரியாத அழுகையும், ஓயாத கவலையும் உடன்வருகின்றன என்பதைப் பிள்ளை வளர்த்தார் யாவரும் அறிவர். இவ்வின்பத்தையும் இடர்ப்பாட்டையும் ஒருங்கே நோக்கி, மழலைப் பருவத்தைப் படிப்படியாக வகுத்துப் பாடுதற்கென்றே ஓர் இலக்கிய வகையைத் தமிழர் அமைத்துக்கொண்டனர். அதுவே பிள்ளைத்தமிழ்.

வகுப்பறையில் பத்துப் பருவங்களின் பெயர்களையும் நெட்டுருப்பண்ணி ஒப்புவிக்கும் மாணாக்கர், அவை தத்தம் வீட்டு முற்றத்தில் நாடோறும் நிகழ்வன என்பதைப் பெரும்பாலும் எண்ணிப்பார்ப்பதில்லை. அவர்க்கு முன் அதே வாங்குகளில் இருந்து அவற்றை ஒப்புவித்த பழைய மாணவரோ இன்று தந்தையராயும் பாட்டனாராயும் விளங்குகின்றனர். ஆதலின் இருசாராரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில், பிள்ளைத்தமிழைப் பிள்ளை வளர்ப்பு நூலாக வைத்து நோக்க யாம் விழைகின்றோம்.

கண்ணனின் பிள்ளைப் பருவங்களைத் தாயின் நிலையில் நின்று பெரியாழ்வார் பாடினார். 12 ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இயற்றிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழும், 17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் இயற்றிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் இவ்வகையிற் புகழ்பெற்றவை. பருவத்திற்குப் பத்தாக நூறு பாடல்கள் அமைவது பெருவழக்கு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. சிறுபறை, சிற்றில், சிறுதேர் என்னும் மூன்றும் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரியன. பெண்பாலுக்கு இவற்றின் இடத்தில் கழங்கு, அம்மானை, ஊசல் முதலியன வரும்.

மூன்றாம் மாதந் தொடங்கி இருபத்தொராம் மாதம் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில் இப்பருவங்கள் முறையே நிகழுமெனக் கொள்வது ஒரு மரபு. எனினும் பாட்டியல் நூலார் இக்கணக்கில் ஒருமித்த கருத்தினரல்லர். அவ்வேறுபாட்டிலேயே பெற்றாருக்கு ஒரு படிப்பினை உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய நாடுகளிற் குழந்தைகளை ஆராய்ந்து, 2006 இல் வெளியிட்ட முடிவின்படி, நலமுள்ள குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்குங் காலம் ஏறத்தாழ 8 மாதம் முதல் 18 மாதம் வரை பரந்துள்ளது. தவழாமலே நடந்த குழந்தைகளும் அவ்வாராய்ச்சியிற் காணப்பட்டனர். அங்ஙனமாக, அயல்வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததென்று தம் பிள்ளையைக் குறித்து மனமுடைவது வீண் துயரமன்றோ? ஐயுறவு நீங்காதாயின் குடும்பநல உத்தியோகத்தரிடமோ மருத்துவரிடமோ கேட்டுத் தெளிதலே முறை.

இனிப் பருவங்களைக் காண்போம். முதலாவது காப்பு. திருமால் முதலிய தெய்வங்கள் குழந்தையைக் காக்கவென வேண்டுவது இது. கையிலேந்திய சிற்றுயிர்க்கு யாது நேருமோ என்னும் அச்சமே பெற்றாருக்கு முதலில் வரும் உணர்ச்சி. அவ்வச்சத்தை மறையாது வாய்விட்டுச் சொல்லிய பின்னரே புலவர் ஏனைய இன்பங்களைப் பாடப் புகுந்தனர். இக்காலத்தார் காப்புக்கு அறிவியலும் துணைநிற்கின்றது. நம் நாட்டிற் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியும், 2, 4, 6 ஆம் மாதங்களிற் கூட்டுத் தடுப்பூசியும் இலவசமாக இடப்படுகின்றன. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து நூல் கட்டும் கை, கிளினிக் நாளையும் மறவாதிருத்தல் வேண்டும்.

செங்கீரை, ஒருகாலை மடக்கி ஒருகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடுதல். தால் என்பது நாக்கு. நாவசைத்துப் பாடும் தாலாட்டு இப்பருவத்துக்குரியது. இதற்கு ஏழாம் மாதத்தை மரபு குறித்தது வியத்தற்குரியது. குழந்தை 'மம்மா', 'பப்பா' என அசைகளை அடுக்கி நாப்பழகத் தொடங்குவதும் ஏறத்தாழ அக்காலத்திலேயாகும். சப்பாணி கைகொட்டல், முத்தம் முத்தந் தரவேண்டுதல், வருகை தளர்நடையிட்டு வருக என அழைத்தல். நம்மவர் வீடுகளிற் பல்லுக் கொழுக்கட்டை அவித்துத் தலையிற் சொரிந்து உறவினர் கூடி மகிழ்வதும், நாலுபேர் சுற்றியிருந்து 'சப்பாணி கொட்டு' என்று சொல்லிச் சொல்லிக் கைதட்டுவிப்பதும் இக்காலத்து இன்பங்களே.

இப்பருவப் பாடல்களின் முடிவை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். ஆடுக, கொட்டுக, தருக, வருக என அவை குழந்தையை நோக்கியே பேசுகின்றன. குழந்தையைப் பற்றிப் பிறரிடம் பேசுவதோடு அமையாது, அதனை முன்னிலைப்படுத்தி, மறுமொழியை எதிர்பார்த்து அழைக்கின்றன. மொழி கற்றலின் அடிப்படை இதுவே. தன்னை நோக்கி ஒருவர் பேச, தான் எழுப்பிய ஒலிக்கு அவர் முகமலர்ந்து விடையிறுக்க, மீண்டும் தான் ஒலிக்க, இவ்வாறே பிள்ளை பேசப் பழகுகின்றது.

இற்றைநாளில் இவ்விடத்திலேதான் பெரியதோர் இடர் புகுந்துள்ளது. சோறு தீத்தும்போதும், அழுகை அடங்காதபோதும் கைத்தொலைபேசியைக் குழந்தையின் முன் வைத்தல் வழக்கமாகி வருகின்றது. வேலையாற் களைத்த தாயின் நிலையை அறியாது யாம் இதனைக் கூறவில்லை. ஆனாற் கைத்தொலைபேசியில் ஓடும் படம் குழந்தையின் மழலையைக் கேட்டு மறுமொழி கூறமாட்டாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகட்குத் திரை காட்டுதல் தகாதெனவும், இரண்டு முதல் நான்கு வயதினர்க்கு நாளொன்றுக்கு ஒருமணி நேரத்தின் மேற்படலாகாதெனவும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் வழிகாட்டியது. கடல்கடந்து வாழும் பிள்ளையின் வீட்டுக்குப் பாட்டி அத்தொலைபேசியிலேயே முகங்காட்டி, 'என்ரை குஞ்சு, இங்கை பார்' என்றழைப்பதை யாம் இதனோடு சேர்த்தெண்ணோம். அங்கே பேசுவாரும் கேட்பாரும் உளர், தாயும் அருகிருக்கின்றாள்.

அடுத்தது அம்புலி. குழந்தையோடு விளையாட வருமாறு திங்களை அழைக்கும் இப்பருவம் புலவர்க்கு அரிதென்பர். சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் இதனைப் பாடவேண்டும். நீயும் இப்பிள்ளையும் ஒப்புடையீர் என்பது சாமம். நீ குறையுடையை, இப்பிள்ளை நிறைவுடையது என்பது பேதம். வந்தால் இன்னது பெறுவாய் என்பது தானம். வாராவிடின் ஒறுக்கப்படுவாய் என்பது தண்டம். உண்ணமறுக்கும் பிள்ளையிடத்தும், பள்ளிக்குச் செல்ல அடம்பிடிக்கும் பிள்ளையிடத்தும் நாம் கையாளும் வழிகளும் இந்நான்கே. ஆனால் அவற்றின் வரிசையை நாம் மறந்துவிடுகின்றோம். புலவர் ஈற்றில் வைத்த தண்டத்தை அவசரத்தில் முதலில் எடுத்துக்கொள்கின்றோம். பேதத்தை அண்ணனோடும் அயலானோடும் ஒப்பிட்டுப் பழித்தலாக மாற்றிப் பிஞ்சு மனத்தைப் புண்படுத்துகின்றோம். இன்சொல்லாகிய சாமத்துக்கு நேரம் வேண்டும். அந்நேரத்தைக் கொடுத்தலே பெற்றார்க்கு அருமையான செயல்.

அம்புலி வரையும் குழந்தை பெரியோரின் அணைப்பில் உள்ளது. இறுதி மூன்றிலும் அது முற்றத்திலிறங்கித் தெருவுக்குச் செல்கின்றது. சிறுபறை முழக்கும் ஆரவாரத்தை வீட்டார் பொறுத்தல் வேண்டும். சிற்றிற் பருவத்தில் மணல்வீடு கட்டிய சிறுமியர், அதனைச் சிதையாதே என ஆண்பிள்ளையை இரந்து நிற்கின்றனர். அதுகாறும் தன் விருப்பத்துக்கே பிறர் இசையக் கண்ட பிள்ளை, பிறர்க்கும் ஒரு விருப்பம் உண்டென முதன்முதலாகக் கேட்கின்றது. இப்பாடத்தைத் தாய்தந்தையர் சொல்லிக்கொடுத்தல் அரிது. ஒத்த வயதுப் பிள்ளைகளோடு கூடிவிளையாடியே கற்றல் வேண்டும். மாலைதோறும் தனியார் வகுப்புக்கு ஓடும் சிறார்க்கு மணல்வீடு கட்ட நேரம் ஏது? ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காக முற்றத்து விளையாட்டை முற்றாக நிறுத்திவிடும் வீடுகள், ஒருவகைக் கல்வியின்பொருட்டு மற்றொருவகைக் கல்வியை இழக்கின்றன. ஊசல் பெண்ணுக்கும் தேர் ஆணுக்கும் என்பது இலக்கிய மரபு. நம் வீட்டு முற்றத்தில் இரண்டும் இருவர்க்கும் ஆகுக.

இன்னுமொன்று கூறுதல் வேண்டும். பிள்ளைத்தமிழில் தாயர் மாத்திரமன்றிச் செவிலியரும் சிறுமியரும் குழந்தையோடு பேசுகின்றனர். பிள்ளை வளர்ப்பு ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றத்தக்க சுமையன்று என்பதே இதன் குறிப்பாகும். பேத்தியாரும் மாமிமாரும் சூழ்ந்திருந்த பெருவீடுகள் போரினாலும் புலப்பெயர்வினாலும் தொழிலினாலும் பிரிந்து சிறுத்துவிட்ட இக்காலத்தில், அக்குறையை நிரப்பும் கடமை முதலில் தந்தையர்க்குரியது. பாடுபட்டுப் பொருளீட்டுதலோடு தம் கடன் முடிந்ததென அவர் கருதலாகாது. இரவில் அழும் பிள்ளையைத் தோளிலிட்டு உலாவுதலும், நாளுக்கு அரைமணி நேரமாயினும் அதனோடு அமர்ந்து பேசுதலும் அவர்க்குரிய பணிகளே.

சிறுதேரோடு பிள்ளைத்தமிழ் முடிகின்றது. தேரின் கயிறு பிள்ளையின் கையிலிருக்கின்றது. ஈன்றோர் பின்னின்று பார்க்கின்றனர். அப்பிள்ளையைச் சில ஆண்டுகளிற் பள்ளி ஏற்றுக்கொள்கின்றது. பேசவும் கேட்கவும் பிறர் வீட்டைச் சிதையாதிருக்கவும் இல்லத்திற் பழகிய பிள்ளைக்கு ஆசிரியர் கற்பிப்பது எளிதாகும். ஆதலின், கல்லூரிக்கு உதவ விரும்பும் பழைய மாணவர்காள், இன்று மாலை உங்கள் வீட்டுச் சிறுபிள்ளையை எதிரில் இருத்தி, அதன் மழலைக்கு மறுமொழி கூறத் தொடங்குங்கள். அதுவும் கல்லூரிக்குச் செய்யும் தொண்டேயாகும்.