கட்டே நோயும் கைப்பேசிப் படமும்

போடிநாயக்கனூரில் குடியிருந்துகொண்டு மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர்கள் பலர். செடியில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால், தோட்டத்தில் இருப்பவர் இலையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அதே படம் வேளாண் அலுவலருக்கும் மருந்துக்கடைக்கும் போகிறது. போய்ச் சேரும் படத்தில் இலையில் இருந்ததெல்லாம் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

கட்டே நோயையே எடுத்துக்கொள்வோம். அசுவினி பரப்பும் வைரஸ் நோய் இது. இளம் இலையில், நடுநரம்பிலிருந்து விளிம்பு நோக்கி வெளிர்பச்சைக் கோடுகள் மெல்லிசாக, விட்டுவிட்டு ஓடும். பச்சைக்குள் இன்னொரு பச்சை. தொடக்கத்தில் அடையாளம் அவ்வளவுதான். மருந்து கிடையாது, தூரோடு தோண்டி அழிக்க வேண்டியதுதான். கவனிக்காமல் விட்டால் பக்கத்துத் தூருக்கும் தொற்றும். தவறாகக் கணித்தால் நன்றாகக் காய்க்கிற தூர் போகும்.

இனி படத்துக்கு வருவோம். 4000-க்கு 3000 என்ற அளவில் எடுத்த படத்தில் 1.2 கோடி புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் அப்படியே சேமித்தால் 36 எம்.பி. ஆகும். ஜேபெக் முறை இதைச் சில எம்.பி.க்குள் அடக்கிவிடுகிறது. வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும் நம் கண், நிற வேறுபாட்டில் அத்தனை கூர்மை காட்டாது. எனவே வெளிச்சத்தைப் புள்ளிதோறும் வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் 4 புள்ளிக்கு ஒன்றாகக் குறைக்கிறார்கள். அடுத்து, படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் இருக்கும் பொடி நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறார்கள். இதற்கான கணக்கை 1974-இல் வெளியிட்ட மூவரில் நசீர் அகமது பெங்களூரில் பிறந்தவர், கே.ஆர்.ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர், மூன்றாமவர் டி.நடராஜன். முகத்துக்கும் மலைக்காட்சிக்கும் அருமையான முறை. ஆனால் அது கழிப்பது நிறத்தையும் நுணுக்கத்தையும். கட்டேயின் அடையாளமோ அந்த இரண்டும்தான்.

கிட்டத்தில் எடுத்த மூலப்படத்தில் கோடுகள் தப்பிப் பிழைக்கும். சேதம் அனுப்பும்போது நடக்கிறது. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் நீளப்பக்கத்தைப் பெரும்பாலும் சுமார் 1600 புள்ளிக்குச் சுருக்கி, மறுபடியும் ஜேபெக்காக அழுத்துகிறது. பெறுபவர் பெரிதாக்கிப் பார்த்தால் கோடு இருந்த இடத்தில் பச்சைக் கலங்கல்தான் தெரியும். கழிந்தது திரும்ப வராது.

பிஎன்ஜி என்னும் வடிவம் எதையும் கழிப்பதில்லை. மின்னணு ஏல விலைப்பட்டியலைத் திரையிலிருந்து எடுத்து வைக்க அது பொருத்தம். எழுத்தின் ஓரம் மங்காது. ஆனால் ஜேபெக்காகச் சுருங்கிய இலைப்படத்தை பிஎன்ஜியாக மாற்றுவதில் பயன் இல்லை.

ஆகவே, ஏல விவசாயிகளே: இளம் இலையை நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்புங்கள். மூலக்கோப்பு அப்படியே போகும். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால், தூரைத் தோண்டுமுன் விவரம் தெரிந்தவரை நேரில் அழைத்துக் காட்டுங்கள்.