கூடுகிற மாதங்கள் எப்படிக் கழியும்?

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்திலுள்ள சம்பூரில் வயல் செய்பவருக்கும் வலை இழுப்பவருக்கும் கையும் காலும்தான் பிழைப்பு. முற்றிய பெருங்குடல் புற்றுநோய் முந்தைய மருந்துகளுக்கு அடங்காதபோது தரப்படும் ரெகோராஃபெனிப் மாத்திரை, பலருக்கு உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பதம் பார்க்கிறது. தோல் சிவந்து, தடித்து, கொப்புளிக்கும். வரப்பில் கால் ஊன்ற முடியாது. கயிற்றைப் பிடிக்க முடியாது.

2013இல் வெளியான ஆய்வில், ரெகோராஃபெனிபை எடுத்தவர்களில் பாதிப் பேர் 6.4 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு அது 5 மாதம். ட்ரைஃப்ளூரிடின்–டிபிராசில் மாத்திரையுடன் பெவாசிஸுமாப் ஊசியையும் சேர்த்தபோது 10.8 மாதம், மாத்திரை மட்டும் என்றால் 7.5 மாதம் என்றது 2023இன் சன்லைட் ஆய்வு. காலம் கூடுவது உண்மை. அந்தக் காலத்தில் நோயாளி உண்பாரா, உறங்குவாரா, நடமாடுவாரா என்பதும் சிகிச்சையின் கேள்வியே.

அந்தக் காலத்தை நன்றாகக் கழிக்க வழிகள் உண்டு. ரெகோராஃபெனிபை முழு அளவான 160 மில்லிகிராமில் தொடங்காமல், 80இல் தொடங்கி வாரந்தோறும் கூட்டலாம். 2019இல் வந்த ஆய்வில், இப்படித் தொடங்கியவர்களில் 43 சதவீதத்தினர் மூன்றாம் சிகிச்சைச் சுற்றுக்குப் போனார்கள். முழு அளவில் தொடங்கியவர்களில் 26 சதவீதம்தான். ட்ரைஃப்ளூரிடின்–டிபிராசில் வெள்ளணுக்களைக் குறைக்கும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரத்தப் பரிசோதனை தேவை. மூதூர், கிண்ணியா கடந்து திருகோணமலைக்குப் போனபின் ‘அணுக்கள் போதாது, அடுத்த கிழமை வாருங்கள்’ என்றால், நோயாளியின் ஒரு நாள் வீண். மூதூரிலேயே இரத்தம் பார்த்து, முடிவைத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் மிச்சம். ஆனால் காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது; உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வலியையும் துன்பத்தையும் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு கடைசி நாட்களுக்கு மட்டும் உரியதல்ல. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோயாளரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், அதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் மனச்சோர்வு குறைந்தது, இடைநிலை ஆயுளும் மற்றவர்களின் 8.9 மாதத்தைவிடக் கூடி 11.6 மாதமாக இருந்தது. அண்டை நாடான இந்தியாவின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய அமைப்பு, வலிக்கு வாய்வழி மோர்ஃபினையும் வீடு தேடி வரும் கவனிப்பையும் சாதாரண மக்களுக்கு எட்டச் செய்தது. இலங்கையும் இதற்கென 2019–2023 தேசியத் திட்டம் வகுத்தது. அது கிராமத்து வாசல்வரை வர வேண்டும்.

2006இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்கள், 2015இல்தான் தம் மண்ணில் மீளக்குடியேறத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் ‘என் வளவிலேயே இருக்கிறேன்’ என்றால், அது சிகிச்சையை வேண்டாம் என்பதல்ல. எந்த மருந்து, எந்த அளவு, எத்தனை பயணம் என்பதை அந்த விருப்பத்தை வைத்தே வைத்தியரும் குடும்பமும் முடிவு செய்ய வேண்டும்.