பனித்துளியைப் பிடிக்கும் இலைகள்

எங்க ராஜா அண்ணாமலைபுரத்தில் மார்கழி விடியலில் பாருங்கள், வெட்டவெளியில் நிற்கும் கார்களின் கூரை நனைந்திருக்கும். வேப்பமரத்தடியில் நின்ற கார் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். இரவில் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் தகடு தன் சூட்டை மேலே விட்டுக் குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகிறது. மரக்கிளை மறைத்தால் அந்த அளவு குளிராது.

இந்தத் துளிகளைக் கூடுதலாகச் சேர்க்க விஞ்ஞானிகள் செடிகளிடம் பாடம் கேட்கிறார்கள். மண்டி ஐ.ஐ.டி.யில் வேங்கட கிருஷ்ணன் குழுவினர் கிளாடியோலஸ் இலையின் மேற்பரப்பைப் பாலிமரில் அச்செடுத்து 2018-ல் ஆய்வு வெளியிட்டார்கள். வழவழப்பான பாலிமரைவிட அதில் அதிக நீர் சேர்ந்தது. ஒருவகைச் சப்பாத்திக் கள்ளியைச் சீன ஆய்வாளர்கள் 2012-ல் விளக்கினார்கள்: மூடுபனியின் துளி முள்ளின் மெல்லிய நுனியில் ஒட்டி, தடித்த அடிப்பக்கம் நோக்கித் தானே நகர்கிறது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் சரி.

அவ்வளவு தூரம் போவானேன், நம்ம நெல் இலையே இருக்கிறது. மேலே மெழுகு, நீளவாக்கில் வரப்பு மாதிரி கோடுகள். துளி குறுக்கே போகாமல் நீளவாக்கில் உருண்டுவிடும். (விடியலில் நெல் நுனியில் நிற்கும் முத்து பெரும்பாலும் பனி அல்ல, வேர் மேலே தள்ளிய நீர்.) துளியைப் பிடித்தால் மட்டும் போதாது, சீக்கிரம் வழியவும் விடணும். அப்போதுதான் அடுத்த துளிக்கு இடம்.

வங்கியில் கடன் மனு பார்த்த பழக்கம், கணக்கு போடாமல் விடமாட்டேன். மின்சாரமில்லாமல் பனி பிடித்தால், எவ்வளவு நல்ல இரவானாலும் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது. கோடையில் ஒரு தென்னைக்கே தினம் 40 லிட்டர் வேண்டும். அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யில் உருவான வாயுஜல் நிறுவனம் காற்றைக் குளிர்வித்துக் குடிநீர் எடுக்கிறது. அதற்குக் கரண்ட் வேண்டும். ஆவி நீராகும்போது விடும் வெப்பத்தை எந்த இலை வடிவமும் குறைக்காது. ஆகவே "இனி கிணறே வேண்டாம் சார்" என்று யாராவது வந்தால், எந்த மாதத்தில், சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

குடிநீர் என்றால் பேச்சே வேறு. குஜராத்தின் கட்ச் பகுதியில், கோத்தாரா கிராமத்தில், அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் கிரிஜா சரண் கூரைகளில் பனி நீர் சேகரித்துக் காட்டினார். உப்புநீர் ஊர்களுக்கு அது கைகொடுக்கும்.

நாற்றங்கால் அளவுக்குச் சோதிக்க ஒரு தகரம் போதும். பளபளப்பாக விடாமல் வெள்ளை பெயிண்ட் அடியுங்கள், அடியில் தெர்மாகோல் வையுங்கள், 30 டிகிரி சாய்த்து வானம் மறைக்காத இடத்தில் நிறுத்துங்கள். வெயில் ஏறுமுன் வழித்து எடுத்துவிட வேண்டும். என் தோட்டத்தில் கார்த்திகை கடைசியில் வைக்கப்போகிறேன்.