முன்பணம் கொடுக்கும் முன்

வீட்டுப் புதுப்பிப்பில் பணத்தைப் பறிகொடுத்தவருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் செய்யும் உதவி குறைவு. பறிகொடுக்காமல் இருக்க அது தரும் வழிகள் அதைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் நம்மில் பலரும் இதைத் தலைகீழாகவே பயன்படுத்துகிறோம். படம் பார்த்து, நிறம் தேர்ந்து, முன்பணம் கொடுத்து, சுவரையும் இடித்த பிறகுதான் உரிமை என்ற சொல்லே நினைவுக்கு வருகிறது. ஜூரோங் வட்டாரத்தில் இது இப்போது முக்கியமான விஷயம். ஜூரோங் வெஸ்ட்டிலும் ஜூரோங் ஈஸ்ட்டிலும் 1980களிலும் 90களிலும் எழுந்த புளோக்குகளில் மறுவிற்பனை வீடு வாங்கும் இளம் குடும்பங்கள் ஒருபுறம், பக்கத்திலுள்ள தெங்காவில் புது வீட்டுச் சாவி வாங்குவோர் மறுபுறம். கைப்பேசியில் அவர்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களில் ஏரிக்கரை மரவீடுகள் இருக்கும். ஆங்கில ‘ஏ’ எழுத்தைப் போல இரு புறமும் தரைவரை சரியும் கூரை, அதனடியில் ஒரு பரண், பரணில் ஒரு மெத்தை. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவில் விடுமுறை வீடாகப் பரவிய வடிவம் அது. அங்கே கூரைதான் சுவர், கூரைதான் சட்டகம்; அழகுக்காக ஒரு சட்டத்தை அறுத்தால் வீட்டின் பலம் போகும். நம் அடுக்குமாடி வீட்டுக்கும் அதே விதி உண்டு. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது என்பது மட்டும் இங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் சுவர்களில் சில வெறும் தடுப்புகள். அனுமதி பெற்று இடிக்கலாம். மற்றவை காங்கிரீட் கட்டமைப்பின் பகுதிகள். தூண், உத்திரம், தளம், கட்டமைப்புச் சுவர் ஆகிய எதிலும் கைவைக்க முடியாது. 1998 முதல் புதிய வீடுகளில் கட்டாயமான, எல்லாரும் ‘பாம் ஷெல்டர்’ என்று சொல்லும் பதுங்கறையின் சுவரையும் கதவையும் மாற்ற முடியாது. மேல்பூச்சுக்குப் பின்னால் எது எந்த வகை என்று தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அப்படிச் சொல்லும் குத்தகையாளரை நம்பவும் வேண்டாம். வீட்டின் தளவரைபடத்தை வீவகவிடம் சிறு கட்டணம் செலுத்தி வாங்கலாம். சமையலறையை வரவேற்பறையோடு சேர்க்கும் கனவு அந்த வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். பரணைப் பற்றிச் சொல்வதானால், புதிய வீடுகளில் தரைக்கும் உட்கூரைக்கும் இடையே ஏறத்தாழ 2.6 மீட்டர்தான். அதை இரண்டாகப் பிரித்தால் மேலேயும் நிமிர முடியாது, கீழேயும் நிமிர முடியாது. உண்மையான சரிவுக் கூரையும் அதன் கீழ் மாட அறையும் வேண்டுவோருக்கு ஜூரோங்கில் யூனான் கார்டன்ஸ் போன்ற தரைவீட்டுப் பேட்டைகள் உண்டு. அங்கும் கூரையை உயர்த்தி மாடம் சேர்ப்பது நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் உயர வரம்புக்கும் கட்டட, கட்டுமான ஆணையத்தின் விதிகளுக்கும் உட்பட்டதே.

“என் வீடு, என் பணம், என் சுவர், இதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?” என்ற கேள்வி நியாயமாகத்தான் ஒலிக்கிறது. சட்டப்படி பார்த்தால் நம் கையிலிருப்பது 99 ஆண்டுக் குத்தகை உரிமை. நம் தளம் கீழ்வீட்டாரின் கூரை. ஆனால் சட்டத்தைவிட வலுவான பதில் லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்டு இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்து 33 பேரைக் கொன்றது. முதற்காரணம் வடிவமைப்புப் பிழை. கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் தூண்களை வடிவமைத்திருந்தார்கள். இந்த ஒன்றை வைத்து எல்லாப் புதுப்பிப்பையும் ஆபத்தாகக் காட்டுவது நேர்மையாகாது. வீவக புளோக்குகள் அப்படிக் கட்டப்படவில்லை. ஆனால் விசாரணையில் வெளிவந்த இன்னொரு செய்தி நமக்கு வேண்டியது. 1971இல் கட்டி முடித்த பிறகு அந்தக் கட்டடத்தில் வங்கியின் பெட்டக அறை, கூரைமேல் குளிர்சாதனக் கருவிகள், வெளிச்சுவர் முழுக்கப் பீங்கான் ஓடுகள் என்று எடை கூடிக்கொண்டே போனது. அழகுக்கு ஒட்டிய ஓடும் எடைதான். வீவக வீட்டில் தரை ஓடும் அதன் அடியிலுள்ள சிமெண்டுப் பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்ற விதியும் எடையைக் கணக்கில் வைத்ததுதான். பழைய ஓட்டின்மேல் புது ஓடு ஒட்டும் எளிய வழியை எடுப்பவர்கள் இந்த எண்ணைக் குத்தகையாளரிடம் கேட்டே ஆக வேண்டும்.

அடுத்த எதிர்வாதம் இன்னும் பழக்கமானது: “எங்கள் புளோக்கில் ஒருவர் அனுமதி கேட்காமல் இடித்தார், ஒன்றும் ஆகவில்லையே!” அந்த ஹோட்டல் கட்டடமும் 15 ஆண்டுகள் நின்றது. விபத்தே நடக்காவிட்டாலும் கணக்கு தீர்ந்துவிடாது. அனுமதியற்ற வேலையைப் பழைய நிலைக்கே கொண்டுவர வீவக உத்தரவிடலாம், செலவு உரிமையாளருடையது. வீட்டை விற்கும்போதும் அந்த வேலை குறுக்கே நிற்கும். மறுவிற்பனை வீடு வாங்குவோர் இதை மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். முன்னவர் திறந்துவிட்ட அந்த அழகான சமையலறைக்கு அனுமதி இருந்ததா என்று விலை பேசும் முன்பே கேளுங்கள்.

நடைமுறையில் அதிகச் சண்டை நடப்பது குளியலறையில். புதிய புளோக்கு கட்டி முடிந்து 3 ஆண்டுகள் ஆகும்வரை குளியலறைத் தரை ஓட்டையும் சுவர் ஓட்டையும் பெயர்க்க அனுமதி இல்லை. அடியிலுள்ள நீர்த்தடுப்புப் படலத்தைக் கிழித்துவிட்டால் கீழ்வீட்டு உட்கூரை கசியும் என்பதே காரணம். பழைய வீட்டில் ஓட்டைப் பெயர்த்தால் நீர்த்தடுப்பைப் புதிதாகச் செய்தே ஆக வேண்டும்; விலைப்புள்ளியில் அது தனி வரியாக இல்லையென்றால் வேலையிலும் இருக்காது என்றே வைத்துக்கொள்ளலாம். மாடிகளுக்கு இடையே கசிவு வந்தால் மேல்வீட்டாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்பது வீவகவின் நிலை. ஜூரோங்கின் பழைய வட்டாரங்களில் இருப்போர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2007இல் தொடங்கிய இல்ல மேம்பாட்டுத் திட்டம் முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்தது. 2018இல் 1997 வரை கட்டிய வீடுகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. குளியலறையைப் புதுப்பிக்கும் பணி, உரிமையாளர் விரும்பினால், பெரும் மானியத்துடன் அதில் கிடைக்கிறது. உங்கள் புளோக்கின் முறை நெருங்கும் வேளையில் சொந்தக் காசில் ஓடு மாற்றுவது வீண் செலவு. மூத்தோருக்கான கைப்பிடிக் கம்பி, தரை வழுக்காமல் இருக்கும் பூச்சு, சாய்தளம் ஆகியவற்றுக்கு ‘ஈஸ்’ திட்டத்தில் குடிமக்களுக்கு 95 விழுக்காடு வரை மானியம் உண்டு. வடிவமைப்பாளர் காட்டும் படத்தில் அப்பா அம்மாவுக்கான கைப்பிடிக் கம்பி இருப்பதில்லை. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டியவை படத்தில் இல்லாதவையே என்பது என் கருத்து.

இனிப் பணம். வீவக வீட்டில் புதுப்பிப்பு வேலை செய்ய அதன் குத்தகையாளர் பட்டியலில் பதிந்தவரையே அமர்த்த வேண்டும். சன்னல் மாற்றுவோர், மின்வேலை செய்வோர் ஆகியோருக்குத் தனித் தகுதி தேவை. பட்டியலில் பெயர் இருந்தால் கழகமே வேலைத் தரத்துக்கு உத்தரவாதம் தருகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. நல்ல வேலைக்கும் நாணயத்துக்கும் அந்தப் பட்டியல் சான்று ஆகாது. வேறொரு சிக்கலும் உண்டு. கடையில் உட்கார்ந்து பேசுவது உள்வடிவமைப்பு நிறுவனம். அனுமதிக்கு விண்ணப்பிப்பது பட்டியலில் உள்ள குத்தகையாளர். இரண்டும் வெவ்வேறு பெயர்களாக இருந்தால் பிழை நேர்ந்த நாளில் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார். ஒப்பந்தத்தில் இருக்கும் பெயர், அனுமதிச் சீட்டில் இருக்கும் பெயர், நாம் பணம் செலுத்தும் கணக்கின் பெயர் ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

முன்பணத்தில் ஏன் இவ்வளவு கவனம்? சிங்கப்பூரில் 1 வெள்ளி மூலதனத்தில் ஒரு தனியார் நிறுவனத்தைப் பதிவு செய்யலாம். அது கலைக்கப்பட்டால் வாடிக்கையாளர் பிணையின்றிக் கடன் கொடுத்தோரின் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்த வரிசையின் கடைசிவரை பணம் வந்து சேர்வது அரிது. இழப்பதோ சேமிப்பு. மத்திய சேமநிதியைப் புதுப்பிப்புக்கு எடுக்க முடியாது. வங்கிகளின் புதுப்பிப்புக் கடன் பொதுவாக 30,000 வெள்ளி, அல்லது ஆறு மாதச் சம்பளம், இவற்றில் எது குறைவோ அதுவரைதான். ஆகவே கட்டணத் தவணைகளை நாள்கணக்கோடு பிணைக்காமல் முடிந்த வேலையோடு பிணையுங்கள்: ஓடு பதித்து முடிந்தால் இவ்வளவு, அலமாரி பொருத்தி முடிந்தால் இவ்வளவு, குறைகளைச் சரிசெய்த பிறகே கடைசித் தொகை. பயனீட்டாளர் சங்கத்தின் ‘கேஸ்டிரஸ்ட்’ சான்று பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள் முன்பணத்துக்குப் பிணைப்பத்திரம் எடுக்க வேண்டும்; வேலை முடியுமுன் நிறுவனம் மூடப்பட்டால் அந்தப் பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு. இத்தகைய நிறுவனங்கள் விலை கூடுதலாகச் சொல்லலாம், அது மறுக்க முடியாதது. வேலைத் தரத்தையும் அந்தப் பத்திரம் காக்காது. ஆனால் முதல் தவணையே பெருந்தொகையாகக் கேட்கப்படும்போது விலை வித்தியாசத்தைக் காப்புறுதிச் சந்தாவாகப் பார்ப்பதே சரி. சிறு வேலைக்கு அதெல்லாம் தேவையில்லை. முன்பணத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

கையெழுத்திட்ட பிறகு சில நாள்களுக்குள் மனம் மாறலாம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. நியாய வர்த்தகச் சட்டம் தரும் 5 நாள் அவகாசம், அழையாமல் வீடு தேடி வந்து விற்பது போன்ற சில வகை ஒப்பந்தங்களுக்கு மட்டுமே. ஐஎம்எம் போன்ற கடைத்தொகுதிகளில் நாமே கடைக்குள் நுழைந்து கையெழுத்திட்டால் அந்த அவகாசம் கிடையாது. 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த, ‘லெமன் சட்டம்’ எனப்படும் விதியும் குறையுள்ள பொருளைப் பற்றியது. வேலையைத் தாமதித்த குத்தகையாளரை அது தொடாது. மிஞ்சும் வழிகள் மூன்று. முதலில் குறைகளைப் படத்தோடு எழுத்தில் அனுப்பி, சரிசெய்ய ஒரு தேதி குறிக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தியும் ஆவணம்தான், அழிக்காதீர்கள். அடுத்து பயனீட்டாளர் சங்கத்தில் புகார், சமரசம். அதிலும் தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞர் கிடையாது, கட்டணம் குறைவு, விண்ணப்பம் இணையத்தில். ஆனால் வரம்பு 20,000 வெள்ளி. இரு தரப்பும் ஒப்பினால் 30,000. ஒரு நாலறை வீட்டின் முழுப் புதுப்பிப்புச் செலவு இந்த வரம்பை எளிதில் தாண்டும். அப்போது மிச்சத்தை விட்டுக்கொடுத்து அங்கேயே வழக்காட வேண்டும், இல்லையேல் மற்ற நீதிமன்றங்களின் செலவை ஏற்க வேண்டும். தீர்ப்பு கிடைத்தாலும் எதிரில் நிறுவனம் இருந்தால்தான் பணம்.

அக்கம்பக்கத்தாருக்கும் உரிமை உண்டு. சுவர் இடிப்பது, ஓடு பெயர்ப்பது போன்ற இரைச்சல் வேலைகள் வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிவரை மட்டுமே. சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை நாள்களில் கூடாது. மற்ற வேலைகள் திங்கள் முதல் சனி வரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிவரை நடக்கலாம். இதை மீறும் வீட்டைப் பற்றி வீவகவிடம் புகார் செய்யலாம். அண்டை வீட்டுப் பிணக்கு முற்றினால் சமூக சமரச நிலையம் இருக்கிறது.

ஒப்பந்தம், விலைப்புள்ளி, அனுமதிச் சீட்டு, ரசீதுகள், இடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பேசிப் பேசியே காலத்தைக் கடத்தும் குத்தகையாளருக்காகவும் காத்திருக்காதீர்கள்: கோரிக்கைக்கான காரணம் எழுந்து 2 ஆண்டுகள் கடந்துவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் அந்த வழக்கை ஏற்காது.