கைவிட்ட பாடமும் கல்லூரி வாயிலும்

பத்தாம் வகுப்பு முடிந்து பதினோராம் வகுப்பில் பிள்ளைகள் அடியெடுத்து வைக்கும் வேளையில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு வினா எழுகிறது. “அப்பா, எனக்குக் கணக்கு வரவில்லை, விட்டுவிடட்டுமா?” என்பதே அது. விடை கூறுமுன் அதன் விளைவை நாம் சற்றே ஆராய்வோம்.

கடினமான பாடத்தை விட்டால் மொத்த மதிப்பெண் உயரலாம் என்பது பொய்யன்று. ஆயினும் கல்லூரிகள், எவ்வளவு மதிப்பெண் என்பதோடு, எந்தப் பாடங்களில் என்றும் கேட்கின்றன. இரண்டாவது கேள்விக்கு விடையில்லாதவருக்கு முதலாவதன் விடை பயன்படுவதில்லை.

பொறியியலை எடுத்துக்கொள்வோம். தேசியத் தொழில்நுட்பக் கழகங்களின் பி.டெக். வகுப்புகளுக்கு இயற்பியலும் கணிதமும் கட்டாயம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கியபின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. மொத்தம் 200இல் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. வெளிமாநிலத்தில் பயின்ற தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருப்பிடச் சான்றிதழுடன் இதற்கு விண்ணப்பிக்கலாம். கணிதத்தை விட்டவருக்கோ தாய்நாட்டில் திறந்திருக்கும் இவ்வாயில் அடைபட்டுவிடும்.

கலைப் பிரிவினரும் இதிலிருந்து தப்பவில்லை. தில்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வாயிலாக மாணவரைச் சேர்க்கிறது. அங்கே பொருளாதாரச் சிறப்புப் பட்டம் பயில விரும்புவோர் கணிதத் தேர்வு எழுதியே ஆகவேண்டும்.

மருத்துவத்தையே நாடுவோருக்குக் கணிதம் வேண்டுவதில்லை. நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவையே இடம்பெறுகின்றன. ஆனால் மருத்துவ இடம் நாடுவோர் பலர், பெறுவோர் சிலர். இடம் கிட்டாத நாளில் கணிதம் கற்ற பிள்ளைக்கு வேறொரு வழி எஞ்சியிருக்கும். கல்லாத பிள்ளையோ திகைத்து நிற்க நேரும்.

இதற்குப் பரிகாரம் யாது? மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தில் குறைந்தது ஐந்து பாடங்கள் பயிலவேண்டும். ஆறாவதாக ஒன்றைக் கூடுதலாக ஏற்கவும் இடமுண்டு. ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் என ஐந்தாகக் கொண்டால் இரு துறைகளும் கைவசம் இருக்கும். 2020-21இல் அவ்வாரியம் மேனிலை வகுப்புகளில் புகுத்திய பயன்முறைக் கணிதம் வணிகமும் சமூகவியலும் பயில்வோருக்கு ஏற்றது. பொறியியலை நாடுவோர் அதனை நம்பியிருத்தல் தகாது. ஏற்கெனவே பாடத்தை விட்டவரும் மனம் தளரவேண்டா. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் வேண்டிய ஒரு பாடத்தை மட்டும் எழுதித் தேற வழியுண்டு. அத்தேர்ச்சியைத் தாம் விரும்பும் கல்லூரி ஏற்குமா என முன்னரே கேட்டறிதல் நலம்.

பெற்றோரே! பாடத்தேர்வுத் தாளில் கையொப்பமிடுமுன், பிள்ளை நாடும் படிப்பின் தகுதி விதிகளை அவ்வாண்டுக் கையேட்டில் பிள்ளையோடு அமர்ந்து படித்துப் பாருங்கள். கணக்கை வெறுக்கிறானா, கற்பிக்கும் முறைக்கு அஞ்சுகிறானா என்பதையும் அன்போடு கேளுங்கள். அச்சமே காரணமாயின், பாடத்தை அகற்றுவதினும் அச்சத்தை அகற்றுவதே மேல் என்பது நம் கருத்து.