கல்வராயன் மலையில் தண்ணீர் ஆலை ஏன் இல்லை?

போன எபிசோட்ல உத்தராகண்ட் மலைக் கிராமங்களை இணைக்கிற நடைபாதைகளைப் பத்திப் பேசினோம். ஓடைத் தண்ணியில சுத்தி மாவு அரைக்கிற ஆலைகள் அங்க உண்டு. 'கராட்'ன்னு சொல்வாங்க. அதைக் கேட்டுட்டு ஒரு நேயர், "நம்ம கல்வராயன் மலையிலயும் ஓடை, அருவி, பழைய ஊர் எல்லாம் இருக்கே, ஆலை ஏன் இல்லை?"ன்னு கேட்டிருந்தார். நல்ல கேள்வி.

எனக்குச் சொந்த ஊர் உளுந்தூர்பேட்டை. அங்கிருந்து சேலம் ரோட்டுல கள்ளக்குறிச்சி, அப்புறம் கச்சிராயபாளையம், அங்கிருந்து மலையேறினா வெள்ளிமலை. அந்தப் பக்கம் ஒத்தையடிப் பாதைகள்ல நான் நடந்திருக்கேன். தண்ணி ஆலை ஒண்ணுகூடக் கண்ணுல படலை. எனக்குத் தோணுற காரணம் ரெண்டு.

முதல் காரணம் தண்ணீர். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நொடிக்கு 10 லிட்டர் தண்ணி 5 மீட்டர் உயரத்துல இருந்து விழுந்தா சுமார் 490 வாட். சக்கரத்துல பாதி வீணானாலும் 245 வாட் மிஞ்சும். ஒரு ஆள் விடாம உழைச்சா கிடைக்கிறது சுமார் 75 வாட். அப்படின்னா மூணு பேர் வேலையை ஓடை செஞ்சிடும். ஆனா கோடையில அதே ஓடை நொடிக்கு 1 லிட்டரா இளைச்சா? 25 வாட்கூடத் தேறாது. கல் அசையாது. இமயமலையில பனியும் ஊற்றும் பல ஓடைகளை வருஷம் முழுக்க ஓடவைக்கும். இங்க எல்லாம் மழையை நம்பித்தான்.

ரெண்டாவது காரணம் சாப்பாடு. அங்க கோதுமை ரொட்டி, அதனால மாவு வேணும். இங்க பழைய சாப்பாடுல முக்கியமானது சாமைச் சோறு. சாமையை அரைக்கக்கூடாது, குத்தி உமியை நீக்கணும். அதுக்கு உரலும் உலக்கையும்தான். கேழ்வரகுக்கு மட்டும் ஏந்திரம், சில ஊர்ல திருகைன்னு சொல்ற கைக்கல்.

அப்போ ஓடை செய்யாத வேலையை யார் செஞ்சது? பொம்பளைங்க. இந்த மலை 1976 வரைக்கும் மூணு ஜாகீர்தார்கள் கையில இருந்தது. மலையாளிப் பழங்குடி மக்கள் அவங்களுக்குக் கூலியில்லாமலும் உழைக்க வேண்டியிருந்தது. ('மலையாளி'ன்னா இங்க மலையை ஆளுறவங்கன்னு அர்த்தம், கேரளா இல்லை.) அந்த வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம்தான் வீட்டு உரல்.

அதனால, சாமை குறைஞ்சுபோச்சேன்னு நாம வருத்தப்படும்போது ஒண்ணை மறக்கக்கூடாது. ரேஷன் அரிசியைக் குத்த வேண்டாம். மரவள்ளியைப் பிடுங்கி வண்டியில ஏத்தினா ஆத்தூர், சேலம் பக்கம் ஜவ்வரிசி ஆலைக்குப் போயிடும், கையில காசு வரும். பழசை விட்டதுல ஒரு விடுதலையும் இருக்கு. இப்போ சாமை திரும்பி வரணும்னா, உமி நீக்குற மெஷின் அந்த ஊருக்குப் பக்கத்துலயே இருக்கணும். 'மில்லட் சாப்பிடுங்க'ன்னு நகரத்துல சொல்றது மட்டும் போதாது.

நீங்க அங்க நடக்கப் போனா, காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வனத்துறை அனுமதி வாங்கிக்கோங்க. அருவியை ஃபோட்டோ எடுங்க. வாசல்ல கிடக்குற உரலையும் ஒரு நிமிஷம் பாருங்க, குழி எவ்வளவு ஆழம்னு.

எங்க ஆயாவோட ஏந்திரம் இப்போ மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. இந்த எபிசோடுக்காக எடுத்து ஒரு படி கேழ்வரகு அரைக்க உட்கார்ந்தேன். பாதியில தோள் விட்டுப்போச்சு. மீதியை மில்லுல கொடுத்துட்டேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.