நினைவுக் காணிக்கை என்ன செய்யும்?



யோப்பா பட்டணத்துத் தபீத்தாளை நீங்கள் அறிவீர்கள். ஏழைகளுக்கு உதவி வந்த அந்தச் சகோதரி நோயுற்று மரித்தபோது, விதவைகள் பேதுருவின் முன் நின்று, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த துணிகளைக் காட்டி அழுதார்கள். பிறருக்காக வாழ்ந்த ஒருவரை நாம் எப்படி நினைவுகூர வேண்டும் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சி நினைவுக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வராயன் மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வயதான தம்பதியர் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய மகன் வெளியூரில் கட்டட வேலை செய்தவன். ஊருக்கு வரும்போதெல்லாம், படிக்க வழியில்லாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குத் தன் கூலியிலிருந்து நோட்டும் சட்டையும் வாங்கித் தருவான். மலத்தோடு இரத்தம் போகிறது என்று வெட்கத்தோடு என்னிடம்தான் முதலில் சொன்னான். "மூலமாக இருக்கும் தம்பி, காரத்தைக் குறைத்துக்கொள்" என்றேன். அவனுக்காக ஜெபித்தேன். மருத்துவரிடம் அழைத்துப் போகவில்லை. வாலிபன்தானே என்று நினைத்துவிட்டேன். மறு ஆண்டு, மலக்குடலில் புற்றுநோய் முற்றிய நிலையில் அவனைத் தூக்கி வந்தார்கள். முப்பது வயது நிறையுமுன்னே அடக்கம் செய்தோம்.

அந்தத் தகப்பனார் ஒரு துணி முடிச்சில் பணம் கொண்டுவந்திருந்தார். "ஐயா, எங்க புள்ள பேரு போட்டு கோயில்ல ஒரு கல்லு வைக்கணும்" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இதே போன்ற துக்கம் நூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மருத்துவரின் வீட்டிலும் நேர்ந்தது. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்து, 1912-ல் மருத்துவப் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் இளைய சகோதரிக்கு மலக்குடல் புற்றுநோய் இருந்தது. அதைச் சீதபேதி என்று எண்ணி வைத்தியம் செய்து வந்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மருத்துவரான அக்காள் உடனிருந்தும் தங்கை இளம் வயதில் மரித்தாள்.

அந்த அம்மையார் தங்கையை மறக்கவில்லை. புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பொதுமக்களிடம் சிறிது சிறிதாக நிதி திரட்டினார்கள். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அம்மையாரின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், பின்னர் 2005-ல் மகசேசே விருது பெற்ற டாக்டர் சாந்தாவும் அதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தார்கள். ஒரு தங்கையின் மரணத்தால் எத்தனை ஆயிரம் வீடுகளுக்கு உதவி கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள்.

கனடா நாட்டில் டெர்ரி ஃபாக்ஸ் என்ற வாலிபனும் அப்படியே. 1977-ல் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவன், தன்னோடு வார்டில் இருந்த பிள்ளைகளின் வேதனையை மறக்க முடியாமல், 1980-ல் செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கினான். தேசத்தார் ஒவ்வொருவரிடமும் அவன் கேட்டது ஒரே ஒரு டாலர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1981 ஜூனில், 22 வயதில் மரித்தான். அவன் பெயரால் இன்றும் பல நாடுகளில் மக்கள் ஓடி நிதி சேர்க்கிறார்கள்.

"அதெல்லாம் பெரிய காரியங்கள், நம்முடைய சிறிய காணிக்கையால் என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன். அம்பிளிக்கையிலுள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிலையமும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 2000-ம் ஆண்டு முதல் கிராமங்களில் 30 முதல் 59 வயதுள்ள பெண்களைப் பரிசோதித்தார்கள். கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால், சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். வினிகரில் இருப்பதும் அதே அமிலம்தான். பயிற்சி பெற்ற நர்சுகளே இதைச் செய்தார்கள். 31,000-க்கும் அதிகமான பெண்கள் பரிசோதனைக்கு வந்தார்கள். புற்றுநோய்க்கு முந்திய நிலையிலேயே பலருக்கு வைத்தியம் நடந்தது. 2007-ல் வெளியான முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு நர்சும் ஒரு விளக்கும் சிறிது அமிலமும் காலத்தோடே ஊருக்குள் போனதால் கிடைத்த பலன் இது.

இந்த மலையில் எங்களுக்குத் தேவையானதும் அதுவே. சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே அதிகம். சிகிச்சைக்கு அரசின் காப்பீட்டு அட்டை உதவுகிறது. ஆனால் நோய் இன்னதென்று தெரியும் முன்னே வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கும் அதற்கு அப்பாலும் போய்வரச் செலவு உண்டு. கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்தச் சில மாதங்களில் நோய் முற்றிவிடுகிறது.

ஆகையால் உங்கள் வீட்டிலும் சபையிலும் இதைச் சொல்லுங்கள். மூன்று வாரத்திற்கு மேல் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு, மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, இவற்றில் எது கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இளம் வயது என்று அலட்சியமாக இருக்கவேண்டாம். இவையெல்லாம் புற்றுநோய் என்று பொருளல்ல. அல்ல என்று பரிசோதித்து அறிந்துகொள்வதே நல்லது. ஜெபியுங்கள், பரிசோதனைக்கும் அனுப்புங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்து நான் ஒரு பிள்ளையை இழந்தேன்.

அந்தப் பெற்றோரிடம் என் தவறை மறைக்காமல் சொன்னேன். தாயார் வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "அப்படின்னா கல்லு வேணாம் ஐயா, சந்தேகம்னு வர்றவங்கள கீழ அனுப்பி வையுங்க" என்றார்கள். அந்தப் பணம் பலருடைய பஸ் கட்டணமாயிற்று. அவர்களில் ஒருவர், வாய்ப்புண்ணை ஆரம்பத்திலேயே காட்டிச் சுகம் பெற்ற ஒரு பாட்டி. மகன் மரித்த நாள் வரும்போதெல்லாம் அந்தத் தாயார் வந்து, "இந்த வருஷம் யாரு போனாங்க?" என்று கேட்பார்கள். போனவர்களின் ஊர்களை நான் சொல்லுவேன். அதுவே அவனுக்கு நாங்கள் நடத்தும் நினைவு ஆராதனை.

உங்களுக்கு அருமையான ஒருவரின் நினைவாகக் காணிக்கை கொடுக்க விரும்பினால், இவ்வகைச் செலவுக்கென்று எழுதி அனுப்புங்கள். கொடுக்க இயலாதவர்கள், மலையிறங்கத் தயங்குகிறவர்களுக்காக ஜெபத்தில் போராடுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்,
வெள்ளிமலை.